பழைய ஆம்னிக்கு அலாரம் பொருத்தினால் திருட்டைத் தடுக்க முடியுமா?

விருதம்பட்டு வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2007 ஆம் ஆண்டுத் தயாரிப்பான மாருதி ஆம்னி ஒன்றைக் குடும்பப் பயன்பாட்டுக்காகச் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை என்பதால் இரவில் அது தெருவிலேயே நிற்கிறது. வேலை நிமித்தம் அடிக்கடி அதிகாலை ரயிலில் சென்னை சென்று இரவு திரும்புபவன் நான். அந்த நாள்களில் வண்டி முழுப் பகலும் காட்பாடி ரயில் நிலையத்தருகே நிற்கும். அம்மாவுக்குத் தொடர் சிகிச்சை நடப்பதால் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கமும் நெடுநேரம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

வண்டியில் இமொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத அமைப்பு) இல்லை, சென்ட்ரல் லாக்கும் இல்லை. ஆக்சசரீஸ் கடையில் கேட்டபோது, ரிமோட்டுடன் கூடிய அலாரம் ஒன்றைப் பொருத்திவிட்டால் எவனும் அருகில் வரமாட்டான் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்கு வழக்கமாக வேலை செய்து தரும் மெக்கானிக்கோ, அந்தப் பணத்தைக் கியர் லாக்கில் போடுங்கள் என்கிறார். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய இப்போது வசதிப்படவில்லை. அலாரச் சத்தத்தால் திருட்டு உண்மையிலேயே நின்ற அனுபவம் நம் வேலூர்ப் பக்கத்தில் யாருக்கேனும் உண்டா? அதன் பயன் எதுவரை என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ரங்காபுரத்தான் எழுதியது:

எங்கள் வீடு சத்துவாச்சாரியில் பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் சாலை அது. ஒரு டாரஸ் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால் தரை அதிர்கிறது. தரை அதிர்ந்தால் எங்கள் தெருவில் நிற்கும் ஏதாவதொரு கார் அலறுகிறது. தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து வண்டிகள் அலறுவதும், ஐப்பசி மழையில் இடி இடித்தால் அதே கதை நடப்பதும் எங்களுக்குப் பழக்கமாகிவிட்டன. இதன் விளைவு என்னவென்றால், இன்று எந்த அலாரம் அடித்தாலும் சன்னலைத் திறந்து பார்ப்பவர் யாருமில்லை. சத்தம் நின்றால் போதும் என்று காத்திருக்கிறோம். அந்த அரை நிமிடத்தில் ஒருவன் கதவைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு போனாலும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த நிலையில் அலாரத்துக்காகப் பணம் செலவழிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

ஆரணி ரோடு ஆட்டோ எலக்ட்ரிக்கல் எழுதியது:

நான் வயரிங் வேலை செய்பவன் என்பதால், அலாரம் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முதலில் விளக்குகிறேன். அது புரிந்தால் விருதம்பட்டு நண்பரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கடையில் விற்கும் அலாரத்தில் நான்கு பாகங்கள் இருக்கும்: ஒரு கன்ட்ரோல் பெட்டி, ஒரு சைரன், ஒரு ஷாக் சென்சார், ரிமோட். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிய வைக்கிற அதே ஸ்விட்சின் வயரைத்தான் கன்ட்ரோல் பெட்டிக்கும் கொடுக்கிறோம். பூட்டிய நிலையில் அந்த ஸ்விட்ச் திறந்தாலோ, ஷாக் சென்சார் அதிர்வை உணர்ந்தாலோ சைரன் அடிக்கும், இண்டிகேட்டர் மின்னும். இவ்வளவுதான் அதன் வேலை. வண்டியை நகரவிடாமல் பிடித்துவைக்கும் ஆற்றல் சைரனுக்குக் கிடையாது.

ஆம்னியில் இன்னொரு குறை இருக்கிறது. முன்கதவுகள் இரண்டு, பக்கவாட்டில் இழுக்கும் கதவுகள் இரண்டு, பின்னால் டிக்கிக் கதவு என்று மொத்தம் ஐந்து வழிகள். அவசரத்தில் வேலையை முடிக்கிறவர்கள் முன்கதவுகளின் ஸ்விட்சை மட்டும் இணைத்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் இழுப்புக் கதவை மெதுவாகத் திறந்து உள்ளே போனால் சைரன் வாயே திறக்காது. ஆகவே அலாரம் பொருத்துவதானால் ஐந்து கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அடிக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

லாரி அதிர்வுக்கெல்லாம் அடிக்கிறது என்று ரங்காபுரத்து அண்ணன் சொல்வது பெரும்பாலும் சென்சாரைச் சரியாக அமைக்காததால் வருகிறது. ஷாக் சென்சாரில் திருகு போன்ற ஒரு சிறிய அமைப்பு உண்டு. அதைத் திருப்பி உணர்திறனைக் குறைக்கலாம், கூட்டலாம். வாங்குகிறவர் பானட்டைத் தட்டிப் பார்க்கும்போது அடித்தால்தான் திருப்தி அடைகிறார் என்பதற்காகக் கடைக்காரர்கள் அதை உச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள். சென்சாரை மெல்லிய தகரத்தின் மேலே ஒட்டாமல், உறுதியான சட்டத்தில் இறுக்கிப் பொருத்தி, உள்ளங்கையால் கண்ணாடியில் ஓங்கித் தட்டினால் மட்டும் அடிக்கும் அளவுக்குக் குறைத்துவிட்டால் வீண் சத்தம் பெருமளவு நின்றுவிடும்.

அடுத்து பேட்டரி. பூட்டிய பிறகும் கன்ட்ரோல் பெட்டி விழித்திருப்பதால் சிறிதளவு கரண்டை இழுத்துக்கொண்டேயிருக்கும். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. நம் ஊர் வெயிலில் ஏற்கெனவே நலிந்துபோன பேட்டரியோடு நாள்கணக்கில் நிற்கிற வண்டி என்றால் ஊரிலிருந்து திரும்பிவரும்போது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். திருடன் பேட்டரி வயரைத் துண்டித்துவிட்டால் சாதாரண சைரனும் நின்றுபோகும். தனக்கென்று உள்ளே பேட்டரி வைத்திருக்கும் சைரன் மட்டுமே தொடர்ந்து அடிக்கும். அது கொஞ்சம் விலை கூடுதல் என்பதால் இங்கே கேட்டு வாங்குபவர் குறைவு.

இமொபிலைசர் முற்றிலும் வேறான பொருள். சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சிப் இருக்கும். அதற்குத் தனியாகப் பேட்டரி தேவையில்லை. இக்னிஷன் லாக்கைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (காயில்) அந்தச் சிப்புக்கு மின்சாரத்தை ஊட்டி, அதனிடமிருந்து ஒரு குறியீட்டைக் கேட்டு வாங்கி, எஞ்சினை நிர்வகிக்கும் ஈ.சி.யு. பெட்டியிடம் சேர்க்கிறது. குறியீடு பொருந்தாவிட்டால் எஞ்சின் உயிர் பெறாது. வயரை ஒட்டி ஸ்டார்ட் செய்யும் பழைய வித்தை அங்கே பலிக்காது. உங்கள் ஆம்னியில் அது இல்லாததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

குடியாத்தம் தறிக்காரர் எழுதியது:

எலக்ட்ரீஷியன் தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அலாரமே வீண் என்ற முடிவுக்கு எல்லோரும் சீக்கிரமாக வந்துவிட வேண்டாம். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற காரின் கதவை நள்ளிரவில் யாரோ நெம்பித் திறந்தார்கள். திறந்த கணத்திலேயே சைரன் அடித்தது. எங்கள் தெருவில் இரவிலும் தறி ஓடும். விழித்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. நான் கதவைத் திறந்து வெளியே வருவதற்கு முன்பே எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் டார்ச்சுடன் இறங்கிவிட்டார்கள். வந்தவன் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டான். வண்டிக்குள் லுங்கிக் கட்டுகள் இருந்தன, ஒன்றுகூடப் போகவில்லை. கதவின் லாக்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

வண்டியையே ஓட்டிக்கொண்டு போவது ஒரு வகைத் திருட்டு. கண்ணாடியை உடைத்துப் பையையோ சரக்கையோ தூக்கிக்கொண்டு போவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு இமொபிலைசரால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அங்கே சத்தம் ஒன்றுதான் காவல். வியாபாரத்துக்காகச் சரக்கு ஏற்றிச் செல்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

தோட்டப்பாளையம் குடியிருப்பவள் எழுதியது:

குடியாத்தம் ஐயா சொன்னது அவர் தெருவுக்குப் பொருந்தும். அங்கே அடிக்கிற அலாரம் யாருடையது என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும், வண்டிக்காரரும் பத்தடி தூரத்தில் தூங்குகிறார். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நிலைமை அப்படியில்லை. நான் அந்தப் பகுதியிலேயே குடியிருந்து, லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேசையில் பணிபுரிகிறேன். எங்களிடம் தங்குகிறவர்கள் மேற்கு வங்கத்திலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வந்தவர்கள். கீமோதெரபி முடிந்து வந்து, மிகுந்த சிரமத்துக்குப் பிறகு கண்ணயர்கிறவர்கள் அவர்களில் உண்டு. கீழே நிற்கிற கார் ஒன்று விடிய விடிய விட்டு விட்டு அலறினால் அவர்கள் படுகிற பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வண்டிக்காரரோ மருத்துவமனைக்குள் எந்தக் கட்டிடத்தில், எந்த வார்டில் உறவினருக்குத் துணையாக இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவரைக் கூப்பிட வழியில்லை.

2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடமுண்டு. அமைதி மண்டலத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட ஒலி அளவு 40 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கே இரவில் 45 டெசிபல்தான். கார் சைரன் அருகில் நின்று கேட்டால் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. ஆகவே இப்படிப்பட்ட இடங்களுக்கு வருகிறவர்கள் ஷாக் சென்சாரை அணைத்துவிட்டு, கதவு ஸ்விட்சை மட்டும் வேலை செய்ய விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல ரிமோட்களில் அதற்கான வசதி இருக்கிறது. அலாரத்தோடு தருகிற கையேட்டில் பார்த்தால் தெரியும்.

திருட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாகன நெரிசல் மிகுந்த தெருவில் அலறுகிற காரின் அருகே ஒருவர் நின்றுகொண்டு எதையோ தடவிக்கொண்டிருந்தால், சொந்தக்காரர்தான் அலாரத்தை நிறுத்த முடியாமல் தவிக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன். யாரும் போய் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. முகம் தெரியாதவர்கள் மட்டுமே நடமாடுகிற இடத்தில் அந்தச் சத்தம் திருடனுக்கு எந்த இடைஞ்சலையும் தராது.

காந்தி நகர் ஆசிரியர் எழுதியது:

தோட்டப்பாளையம் சகோதரி சொன்ன கடைசிக் கருத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். இதையொட்டி வெளிநாடுகளில் கிடைத்துள்ள தரவுகளைச் சொல்கிறேன். கார்கள் நம்மைவிட முன்னதாகப் பெருகிய இடங்கள் அவை என்பதால் இந்தச் சோதனையும் அங்கே முன்னதாக நடந்து முடிந்திருக்கிறது.

அமெரிக்காவில் காப்பீட்டு இழப்புகளைத் தொகுத்து ஆராயும் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் கோடிக்கணக்கான வண்டிகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து, அலாரம் பொருத்திய கார்களில் திருட்டு இழப்பு ஒட்டுமொத்தமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை என்று கண்டது. மறுபுறம், ஐரோப்பிய ஒன்றியம் 1998 ஆம் ஆண்டு முதல் புதிய கார்கள் அனைத்திலும் இமொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001 இலும் கனடா 2007 இலும் அதைப் பின்பற்றின. நெதர்லாந்தின் திருட்டுப் பதிவுகளை ஆண்டுவாரியாகவும் மாடல்வாரியாகவும் ஆராய்ந்த பொருளியலாளர்கள் இருவர், அந்தக் கட்டாயம் கார் திருட்டைப் பெருமளவு குறைத்தது என்று காட்டியிருக்கிறார்கள். அதே ஆய்வில் நமக்குத் தேவையான இன்னொரு செய்தியும் உள்ளது: புதிய கார்களைத் தொட முடியாமற்போன திருடர்களில் ஒரு பகுதியினர் இமொபிலைசர் இல்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பினார்கள். விருதம்பட்டு நண்பர் தம்முடைய 2007 ஆம் ஆண்டு ஆம்னியை அந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டியின் விலை குறைவு, அதனால் யாரும் திருடமாட்டார்கள் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எளிதில் ஸ்டார்ட் செய்ய முடிகிற, உதிரி பாகங்களுக்கு எல்லா ஊரிலும் கிராக்கியுள்ள வண்டி அது.

சத்தத்தையும் பூட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க அண்மைக்கால நிகழ்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை விற்ற ஹூண்டாய், கியா கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இமொபிலைசர் பொருத்தப்படவில்லை. ஸ்டியரிங் தண்டின் மூடியைக் கழற்றி, யு.எஸ்.பி. வயரின் முனையைச் சாவியாகப் பயன்படுத்தி அவற்றை ஓட்டிச் செல்லும் முறை சமூக ஊடகங்களில் பரவியதும் 2022 இல் திருட்டு பல நகரங்களில் மளமளவென்று பெருகியது. இமொபிலைசர் கட்டாயமாக இருந்த கனடாவை அந்த அலை தொடவில்லை. 2023 பிப்ரவரியில் அந்நிறுவனங்கள் இலவச மென்பொருள் மாற்றத்தை அறிவித்தன. அதில் இரண்டு அம்சங்கள் இருந்தன: அலாரம் அடிக்கும் நேரம் 30 விநாடியிலிருந்து ஒரு நிமிடமாக நீட்டிக்கப்பட்டது, ரிமோட்டால் பூட்டிய வண்டி, சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதபடி மாற்றப்பட்டது. சத்தத்தை நீட்டியதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஸ்டார்ட் ஆவதையே தடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எனவே என் கருத்து இது: அலாரத்தை ஓர் அழைப்பு மணியாக மட்டும் கொள்ள வேண்டும். அந்த மணியைக் கேட்டு எழுந்து வருகிறவர் இருக்கிற இடத்தில், அதாவது குடியாத்தம் ஐயாவின் முற்றத்தில், அதற்கு முழு மதிப்பு உண்டு. காட்பாடி நிலையத்தருகே வண்டியை விட்டுவிட்டு நீங்கள் அரக்கோணத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த மணி அடித்தால் வருவதற்கு யாரும் இல்லை.

ரங்காபுரத்தான் எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. அப்படியானால் சாவியே போடாமல் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற புது வண்டிகள் முழுப் பாதுகாப்பானவையா? என் மருமகன் அப்படி ஒன்றை வாங்கியிருக்கிறார்.

ஆரணி ரோடு ஆட்டோ எலக்ட்ரிக்கல் எழுதியது:

முழுப் பாதுகாப்பு என்று எதையும் சொல்ல முடியாது அண்ணா. அந்த வண்டிகளில் சாவியின் சிக்னலைத்தான் வண்டி நம்புகிறது. வீட்டுக்குள் வாசலருகே ஆணியில் மாட்டியிருக்கும் சாவியின் சிக்னலை ஒருவன் கருவியால் வாங்கி, வண்டியருகே நிற்கும் கூட்டாளிக்குக் கடத்தினால் கதவும் திறக்கும், எஞ்சினும் ஓடும். முறையான சாவி வந்துவிட்டதாக வண்டி நினைத்துக்கொள்வதால் அலாரமும் அடிக்காது. சாவியை வாசலிலிருந்து தள்ளி, மூடியுள்ள உலோகப் பெட்டியில் வைப்பது நல்லது. இன்னொரு வழி, கண்ணாடியை உடைத்து உள்ளே போய், டாஷ்போர்டின் அடியில் நாங்கள் ஸ்கேனர் மாட்டுகிற ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகிப் புதுச் சாவியைப் பதிவுசெய்வது. அந்தச் சாக்கெட்டுக்குப் பூட்டுடன் கூடிய மூடி கிடைக்கிறது. இப்படிப்பட்ட திருடர்களுக்கு எதிராகப் பழைய பாணி ஸ்டியரிங் லாக்கும் கியர் லாக்கும் இன்றும் பலன் தருகின்றன; இரும்பை வெட்டிக் கழற்றுவதற்கு எந்த மென்பொருளும் உதவாது.

சர்வேயர், பணி ஓய்வு எழுதியது:

காப்பீட்டுத் துறையில் வாகன இழப்புகளை மதிப்பிடும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்தி அதற்கான சான்றைக் கொடுத்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 விழுக்காடு, அதிகபட்சம் 500 ரூபாய், தள்ளுபடி உண்டு. கடையில் விற்கிற எல்லா அலாரமும் இந்த அங்கீகாரம் பெற்றவையாக இருப்பதில்லை; பில்லோடு சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் பழைய வண்டிக்கு இந்தத் தள்ளுபடி மிகச் சிறிய தொகையாகவே இருக்கும். அதற்காக மட்டும் அலாரம் வாங்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பாலிசியின் வகை. பழைய வண்டிதானே என்று மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். சட்டப்படி அது போதும். ஆனால் வண்டி திருடு போனால் அந்தப் பாலிசியிலிருந்து ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதமும் திருட்டும் சேர்ந்த பாலிசி இருந்தால்தான் ஐ.டி.வி. என்று பாலிசியில் குறிப்பிட்டுள்ள வண்டியின் மதிப்பு கிடைக்கும். அந்தக் கோரிக்கையின்போது எஃப்.ஐ.ஆர். நகல், வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கை, ஆர்.சி., வண்டியின் இரண்டு சாவிகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்வது மிகவும் முக்கியம். ஒரே சாவிதான் இருக்கிறது என்றால் அதை இப்போதே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சாவியை இக்னிஷனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தீர்கள் என்று தெரிந்தால் தொகையைக் குறைப்பார்கள், சில வேளைகளில் மறுப்பார்கள்.

திருட்டு தெரிந்த உடனே 100 அல்லது 112 எண்ணுக்குப் பேசுங்கள். நம் ஊர் அமைப்பை நினைத்துப் பாருங்கள். காட்பாடியிலிருந்து கிறிஸ்டியான்பேட்டையைக் கடந்தால் ஆந்திர எல்லை; சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர். இன்னொரு பக்கம் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பெங்களூரு வரை தடையில்லாத நெடுஞ்சாலை. ஒரு மணி நேரம் தாமதித்தால் வண்டி வேறு மாநிலத்தில் இருக்கும். சுங்கச்சாவடிகளிலும் எல்லைச் சோதனைச் சாவடியிலும் நிறுத்திப் பார்ப்பதற்குக் காவல்துறைக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டுமே காரணம் காட்டிக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. அதற்காக நிறுவனத்துக்குச் சொல்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொன்று. வங்கி வாசலிலும் நகைக்கடைத் தெருவிலும் காரிலிருந்து பணப்பை போகிற சம்பவங்களில், சொந்தக்காரரே கதவைத் திறந்து கீழே இறங்கியிருப்பார். டயரில் காற்று இறங்குகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, உங்கள் பணம் கீழே விழுந்து கிடக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவர் குனிந்து பார்க்கிற நேரத்தில் மறுபக்கக் கதவு வழியாகப் பை போய்விடும். அங்கே அலாரத்துக்கு வேலையே இல்லை. அது பூட்டாத வண்டி. வங்கியிலிருந்து பணத்தோடு வரும்போது யார் என்ன சொன்னாலும் கதவுகளைப் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் ஓட்டிச் சென்று, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பாருங்கள்.

குடியாத்தம் தறிக்காரர் எழுதியது:

சத்தம் வேண்டாம் என்கிறவர்கள், கண்ணாடியில் அலாரம் உள்ளது என்ற ஸ்டிக்கரும் டாஷ்போர்டில் மின்னுகிற சிவப்பு விளக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாமே. திருடன் அதைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

காந்தி நகர் ஆசிரியர் எழுதியது:

ஐயா, அந்த அடுத்த வண்டி உங்கள் எதிர்வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். சைரன் அடித்தபோது டார்ச்சுடன் இறங்கி வந்த அதே மனிதர். இதைப் பற்றி 1998 இல் வெளியான ஓர் ஆய்வு என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. திருடுபோன காரின் இருப்பிடத்தைக் காவல்துறைக்குக் காட்டிக்கொடுக்கும், வெளியே தெரியாதபடி காருக்குள் மறைத்துவைக்கும் ரேடியோ கருவி ஒன்று அமெரிக்க நகரங்களில் அறிமுகமானபோது, அதைப் பொருத்தியவர்கள் மிகச் சிலரே என்றாலும் நகரம் முழுவதும் கார் திருட்டுக் குறைந்தது. எந்தக் காரில் அது இருக்கிறது என்று திருடனால் கண்டுகொள்ள முடியாததால் எல்லாக் காரையும் தொட அஞ்சினான். வெளியே தெரிகிற ஸ்டிக்கரும் ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்பும் நம் வண்டியைக் காப்பாற்றலாம். ஆபத்து அடுத்த வாசலுக்கு நகர்கிறது. மறைவாக வைத்த பாதுகாப்பு தெருவையே காக்கிறது. இன்று சிம் கார்டுடன் இயங்கும் ஜி.பி.எஸ். கருவிகள் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. வண்டி நகர்ந்தாலோ பேட்டரி வயரைத் துண்டித்தாலோ நம் கைபேசிக்குச் செய்தி வரும். 2019 முதல் புதிதாகப் பதிவாகும் பயணிகள் வாடகை வண்டிகளில் அப்படிப்பட்ட இடங்காட்டும் கருவி கட்டாயமாக உள்ளது. சத்தம் போட்டு ஊரை எழுப்புவதைவிட, சொந்தக்காரரை மட்டும் எழுப்புகிற இந்த முறையே மருத்துவமனைத் தெருவுக்கும் ரயில் நிலையத்துக்கும் ஏற்றது என்று நம்புகிறேன்.

குடியாத்தம் தறிக்காரர் எழுதியது:

எதிர்வீட்டுக்காரரை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஏற்கிறேன். என் முற்றத்துச் சைரன் மட்டும் இருக்கட்டும்.

விருதம்பட்டு வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போதைக்குக் கியர் லாக் பொருத்திவிடுகிறேன். பாலிசியை எடுத்துப் பார்த்தேன். சர்வேயர் ஐயா சொன்னதுபோலவே அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். முழுப் பாலிசிக்கு வண்டியை ஆய்வு செய்ய வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது சாவியை விற்றவரிடம் கேட்டிருக்கிறேன். கையில் பணம் சேர்ந்ததும் அலாரத்துக்குப் பதிலாக ஜி.பி.எஸ். கருவி வாங்குவேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணாவிடம் ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. இமொபிலைசர் இல்லாத இந்த வண்டியில், சாவி போட்டாலும் ஸ்டார்ட் ஆகாதபடி மறைவான ஸ்விட்ச் ஒன்றை வைக்க முடியுமா? அப்படி வைத்தால் வண்டிக்குக் கெடுதல் உண்டா?

ஆரணி ரோடு ஆட்டோ எலக்ட்ரிக்கல் எழுதியது:

தாராளமாக வைக்கலாம் தம்பி, செலவும் அதிகமில்லை. உங்களுடையது பெட்ரோலை மின்சாரப் பம்ப் மூலம் தள்ளுகிற எம்.பி.எஃப்.ஐ. வண்டி. அந்தப் பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடுவதற்கு ஒரு ரிலே இருக்கும். பம்புக்கு நேரடியாகப் போகிற தடித்த வயரை வெட்டி ஸ்விட்ச் வைக்கச் சொல்லாதீர்கள். அதில் கூடுதலான கரண்ட் ஓடுவதால் சிறிய ஸ்விட்ச் சூடேறிக் கருகிவிடும். ரிலேயின் காயிலுக்கு வருகிற மெல்லிய வயரில் ஸ்விட்சை வைக்கச் சொல்லுங்கள். அங்கே ஓடுவது மிகக் குறைந்த கரண்ட். இணைப்பை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் வைத்து ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் கழன்று நடுவழியில் வண்டி நின்றுவிடும்.

ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால், திருடன் வயரை ஒட்டினாலும் குழாயில் மீதமுள்ள பெட்ரோலில் எஞ்சின் ஓரிரு விநாடி ஓடிவிட்டு நின்றுபோகும். வண்டியில் ஏதோ கோளாறு என்றே அவன் நினைப்பான். ரிமோட்டாலோ கைபேசியாலோ ஓடுகிற வண்டியின் எஞ்சினை அணைக்கிற வகைக் கருவியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பொருத்தாதீர்கள். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது அது வேலை செய்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்விட்சின் இடத்தை இந்த இழையில் எழுத வேண்டாம், சர்வீசுக்கு விடும்போது அதை ஆனில் வைத்துக் கொடுங்கள், வீட்டில் ஓட்டுகிற இன்னொருவருக்கு மட்டும் சொல்லி வையுங்கள். அம்மாவை அவசரமாக மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய இரவில் நீங்கள் சென்னையில் இருந்தால், வண்டியை எடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.